மேல் நட்சத்திரத்துக்கு ஒரு வரி

லண்டன் நேஷனல் கேலரியின் அறங்காவலர்களுக்கும் காப்பாட்சியர்களுக்கும்,

வணக்கம்.

ஸ்பானிய ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா வரைந்த, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபுவின் உருவப்படம் உங்கள் பொறுப்பில் இருக்கிறது. 1812 ஆகஸ்டில் மட்ரிட்டில் தொடங்கி, 1814-ல் மறுபடி கைவைத்துத் திருத்திய படம். மகோகனிப் பலகையில் எண்ணெய் வண்ணம். உயரம் 64 சென்டிமீட்டர், அகலம் 52. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிடலாம். அப்படி ஒருமுறை நடந்துவிட்டது என்பதையும் ஊர் அறியும். அந்தப் படத்தின் விளக்க அட்டையில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தமிழில் எழுதியிருப்பதால் உங்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படலாம். லண்டனில் அதற்குப் பஞ்சமில்லை. ஈஸ்ட் ஹாம் பக்கம் போய் யாரைக் கேட்டாலும் நடக்கும். நான் கேட்கும் அந்த ஒரு வரியில் தமிழர்களுக்கும் பங்கு இருப்பதால், அவர்களும் இதை உங்களோடு சேர்ந்து படிக்கட்டும் என்று நினைத்தேன்.

முதலில் திருட்டுக் கதையைப் பேசி முடித்துவிடுகிறேன். அந்தப் படத்தின் முன்னால் நின்று யார் வாயைத் திறந்தாலும் அதுதான் முதலில் வருகிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்கள் அதில்தான் தொடங்குகிறார்கள். பிள்ளைகளும் அதற்குத்தான் சிரிக்கிறார்கள். குறை சொல்லவில்லை, கதை அப்படிப்பட்டது. 1961-ல் லீட்ஸ் பிரபு குடும்பத்தின் படம் ஏலத்துக்கு வந்தது. அமெரிக்கச் செல்வர் ஒருவர் 140,000 பவுண்டுக்கு எடுத்தார். படம் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று வுல்ஃப்சன் அறக்கட்டளை ஒரு லட்சம் கொடுத்தது, அரசு மீதி நாற்பதாயிரம் போட்டது, படம் உங்களிடம் வந்தது. ஆகஸ்ட் 2 அன்று சுவரில் மாட்டினீர்கள். ஆகஸ்ட் 21 அன்று காணோம். மோனா லிசா பாரிஸில் காணாமல் போய்ச் சரியாக ஐம்பது ஆண்டுகள் ஆன அதே தேதி. வயதானவர்களும் ஏழைகளும் தொலைக்காட்சி லைசென்ஸுக்குக் காசு கட்ட வேண்டியிருக்கிறதே, அதற்கு ஒரு தர்ம நிதி வையுங்கள், படம் திரும்ப வரும் என்று கடிதங்கள் வந்தன. 1965-ல் பர்மிங்காம் ரயில் நிலையத்தின் சாமான் காப்பறையில் படம் கிடைத்தது, படச்சட்டம் மட்டும் இல்லாமல். கெம்ப்டன் பன்டன் என்ற நியூகாசில்காரர், பணி ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், தாமே வந்து சரணடைந்தார். திருப்பித் தரும் எண்ணத்தோடு எடுத்ததால் படத்தைத் திருடியதாக ஆகாது என்று ஜூரர்கள் விடுவித்தார்கள். படச்சட்டத்தைத் திருடியதற்கு மட்டும் மூன்று மாதச் சிறை. படச்சட்டம் இன்றுவரை கிடைக்கவில்லை. இந்த ஓட்டையை அடைக்க 1968-ன் திருட்டுச் சட்டத்தில் தனிப் பிரிவே எழுதினார்கள். உண்மையில் எடுத்தது அவருடைய மகன் என்பது 2012-ல் திறந்த அரசுக் கோப்பில் வெளிவந்தது.

நல்ல கதைதான். ஒரு தளபதியின் முகத்துக்கு லட்சத்துக்கு மேல் கொட்டுகிறார்கள், கிழவிகள் தொலைக்காட்சி பார்க்கக் காசு கட்ட வேண்டுமா என்று கேட்ட அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு மரியாதை கூட உண்டு. ஆனால் அறுபது ஆண்டுகளாக அந்தக் கதை படத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அது கொஞ்சம் இறங்கினால், கீழே இருக்கும் மனிதரைப் பார்க்கலாம்.

1812 ஜூலை 22 அன்று சலமன்காவில் பிரெஞ்சுப் படையை முறித்துவிட்டு, ஆகஸ்ட் 12 அன்று வெலிங்டன் மட்ரிட்டுக்குள் நுழைந்தார். வயது 43. ஊரே தெருவில் நின்று வரவேற்றது. அந்த வாரங்களில்தான் கோயாவின் எதிரில் உட்கார்ந்தார். கோயாவுக்கு 66 வயது. காது கேளாமல் போய் இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. நெப்போலியன் ஸ்பெயினில் அமர்த்திய மன்னர் ஜோசப்பிடமிருந்து பதக்கம் வாங்கியிருந்தவர், இப்போது அந்த மன்னரைத் துரத்தியவரை வரைகிறார். அதே ஆண்டுகளில், யாருக்கும் காட்டாமல், போர் மனிதர்களைச் செய்யும் கோரத்தைச் செப்புத் தகடுகளில் செதுக்கிக்கொண்டும் இருந்தார். பதக்கங்களைப் பற்றி அவருக்கு என்ன கருத்து இருந்திருக்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, தூரிகையே சொல்கிறது.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். முகத்தில் அவ்வளவு கவனம். கண்கள் அகன்று, தூக்கமில்லாத ஒரு வெளிச்சத்தோடு நம்மைத் தாண்டி எங்கோ பார்க்கின்றன. உதடுகள் லேசாகப் பிரிந்திருக்கின்றன, ஏதோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல. வெற்றி வீரனின் முகம் என்றால் அங்கே நான் பார்ப்பது வெற்றி அல்ல, களைப்பு. ஆனால் சிவப்பு அங்கிக்கு வந்ததும் கோயாவின் கை வேகம் எடுக்கிறது. பொன் வேலைப்பாடுகள் வெறும் மஞ்சள் கோடுகள். மார்பின் நட்சத்திரங்கள் வெள்ளையும் மஞ்சளுமாகக் குழைத்து அப்பிய திட்டுகள். மூக்கைச் சுவரில் உரசும் தூரத்தில் பார்த்தால் சாயக் கறை. நாலடி பின்னால் வந்தால் வைரம். 1814-ல், இடையில் கிடைத்த மரியாதைகளையும் காட்ட வேண்டும் என்பதற்காக, கழுத்தில் ஸ்பெயினின் பொன் ஆட்டுத்தோல் பதக்கத்தையும் பிரிட்டனின் தங்கச் சிலுவையையும் அதே கை சேர்த்தது. முகம் 1812-ல் நின்றுவிட்டது, மார்பு மட்டும் வளர்ந்துகொண்டு போனது.

அந்த மார்பில் மூன்று நட்சத்திரங்கள். கீழே இருக்கும் இரண்டில் ஒன்று போர்த்துகலின் ‘கோபுரமும் வாளும்’ பட்டத்துக்கு உரியது, மற்றது ஸ்பெயினின் ‘சான் ஃபெர்னாண்டோ’ பட்டத்துக்கு. இரண்டும் ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த தீபகற்பப் போரில் கிடைத்தவை, அங்கேயே வரைந்த படத்தில் இருப்பதில் வியப்பில்லை. மேலே இருப்பது ‘பாத்’ என்ற பிரிட்டிஷ் வீரப்பட்டத்தின் நட்சத்திரம். தோளிலிருந்து குறுக்கே இறங்கும் செந்நிறப் பட்டையும் அதற்கு உரியதுதான். அது ஸ்பெயினில் கிடைத்ததல்ல, ஐரோப்பாவிலேயே கிடைத்ததல்ல. 1804-ல், வெலிங்டன் இன்னும் எந்தப் பிரபுவும் ஆகாமல் வெறும் ஆர்தர் வெல்லெஸ்லியாக இருந்த நாளில், இந்தியாவில் செய்த படைப்பணிக்காக அவருக்கு அளித்தது. அவரை முதன்முதலில் ‘சர்’ ஆக்கியது அதுதான்.

எந்தப் படைப்பணி என்று சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் உங்கள் நாட்டில் வாட்டர்லூவுக்கு ஒரு பெரிய ரயில் நிலையம் இருக்கிறது, அஸ்ஸாயே என்ற பெயருக்கு இல்லை.

1797-ல் கல்கத்தாவில் வந்து இறங்கிய வெல்லெஸ்லி எட்டு ஆண்டுகள் இந்தியாவில் இருந்தார். மறு ஆண்டு கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தவர் அவருடைய அண்ணன் ரிச்சர்ட். இது தம்பியின் உயர்வுக்கு எவ்வளவு உதவியது என்பதை உங்கள் வரலாற்றாசிரியர்களே கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம், திப்புவின் சாவு, பிறகு அந்த ஊரின் நிர்வாகம். 1800-ல் தொண்டியா வாக் என்பவரைத் துரத்திப் பிடித்துக் கொன்றது. அந்த மனிதரின் சிறு மகன் சலாபத் கான் முகாமில் அகப்பட்டபோது, அவனைத் தன் பொறுப்பில் எடுத்து, இந்தியாவை விட்டுப் போகும்போது அவன் செலவுக்குப் பணமும் வைத்துவிட்டுப் போனார். தகப்பனைக் கொன்ற கை பிள்ளைக்குச் சோறு போட்டது. இதை எந்தத் தட்டில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அப்படியே விட்டுவிடுகிறேன்.

பிறகு 1803 செப்டம்பர் 23. இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில், கைத்னா, ஜுவா என்ற இரண்டு சிற்றாறுகளுக்கு நடுவில் அஸ்ஸாயே கிராமம். எதிரில் மராத்தியத் தலைவர்களான தௌலத் ராவ் சிந்தியாவும் நாக்பூர் போன்ஸ்லேயும். அவர்கள் பக்கம் ஐரோப்பிய முறையில் பயிற்றிய காலாட்படை மட்டும் பத்தாயிரத்துக்கு மேல், அதற்குத் தலைமை ஹனோவரிலிருந்து பிழைக்க வந்த போல்மான். பீரங்கிகள் நூறைத் தாண்டும். குதிரைப்படைக்குக் கணக்கில்லை. வெல்லெஸ்லியிடம் களத்தில் இறக்கத்தக்கவர்கள் ஏறக்குறைய 4,500 பேர். அது போக மைசூர், மராத்தியத் துணைக் குதிரைகள்.

கைத்னாவைக் கடக்க இடமே கிடையாது என்று வழிகாட்டிகள் அடித்துச் சொன்னார்கள். அவர் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தார். இந்தக் கரையில் ஒரு கிராமம், அதற்கு நேர் எதிரே அந்தக் கரையில் ஒரு கிராமம். இரண்டு ஊர்கள் இப்படி எதிரும் புதிருமாக இருந்தால் நடுவில் ஆற்றைக் கடக்கும் துறை இருந்தே தீரும் என்று முடிவு கட்டினார். இருந்தது. கிராமத்தில் வாழ்ந்த எவருக்கும் அது ஒரு பெரிய கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் ஒரு தளபதி அதைப் பார்த்தது அபூர்வம். ஆற்றில் இறங்கியபோதே மராத்தியப் பீரங்கிகள் முழங்கின. அவர் பக்கத்தில் வந்துகொண்டிருந்த குதிரைவீரனின் தலையைக் குண்டு கொண்டுபோனது. அன்று முழுவதும் அவருக்குக் கீழே ஒரு குதிரை செத்தது, டயோமெட் என்ற இன்னொரு குதிரை ஈட்டிக் குத்து வாங்கிப் பிழைத்தது.

இப்போது யார் ஆற்றைக் கடந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் இரண்டு பட்டாளங்கள், 74-வதும் 78-வதும். 19-வது லைட் டிரகூன் குதிரைப்படை. மற்றவை மெட்ராஸ் படையைச் சேர்ந்தவை: காலாட்படையில் 2, 4, 8, 10, 12 ஆம் ரெஜிமென்டுகளின் பட்டாளங்கள், குதிரைப்படையில் 4, 5, 7 ஆம் ரெஜிமென்டுகள், கூடவே மெட்ராஸ் பயனியர்கள். காலாட்படையில் ஒரு பட்டாளம் சாமான்களுக்குக் காவலாகப் பின்னால் நின்றது. தமிழ், தெலுங்கு, தக்கினி பேசிய ஆட்கள். கர்நாடகப் பகுதி என்று அன்று அழைத்த நம் சமவெளியிலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். களத்தில் நின்ற கம்பெனிப் படையில் பெரும்பகுதி இவர்கள்தான்.

74-வது பட்டாளமும் முன்னணிக் காவலும் வழி தப்பி, அஸ்ஸாயே ஊரில் குவித்திருந்த பீரங்கிகளுக்கு நேரே போய் மாட்டிக்கொண்டன. ஏறக்குறைய அழிந்தே போயின. அவர்களை மீட்கப் பாய்ந்தது டிரகூன்களும் மெட்ராஸின் 4-வது குதிரைப்படையும். நடுவில் மெட்ராஸ் பட்டாளங்கள் பீரங்கி வரிசையை நோக்கி நடந்து போய்ப் பிடித்தன. மராத்தியப் பீரங்கிக்காரர்கள் ஓடவில்லை; பீரங்கிக்கு அடியில் செத்தவர்கள்போல விழுந்து கிடந்து, படை தாண்டிப் போனதும் எழுந்து பின்னாலிருந்து சுட்டார்கள். அந்தப் பீரங்கிகளை மறுபடி பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு வெல்லெஸ்லி திருப்பிக் கூட்டி வந்தது 78-வது பட்டாளத்தையும் மெட்ராஸின் 7-வது குதிரைப்படையையும்.

மாலையில் 98 பீரங்கிகள் கைக்கு வந்தன. செத்தவர்கள் 428, காயம்பட்டவர்கள் 1,138, காணாமல் போனவர்கள் 18. இறங்கிய படையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இது வென்றவர்கள் பக்கத்துக் கணக்கு மட்டும். அத்தகைய கணக்குகளில் வெள்ளை அதிகாரிகளுக்குத் தனித்தனியே பெயர் இருக்கும். சுபேதார் இத்தனை, ஜமேதார் இத்தனை, ஹவில்தார் இத்தனை, சிப்பாய் இத்தனை என்று மற்றவர்கள் எண்ணாகப் போவார்கள்.

வயதான காலத்தில், போர்த்தொழிலில் நீங்கள் செய்ததில் மிகச் சிறந்தது எது என்று ஒருவர் வெலிங்டனைக் கேட்டார். வாட்டர்லூ என்ற பதிலை எதிர்பார்த்திருப்பார். அஸ்ஸாயே என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. படையின் அளவை வைத்துப் பார்த்தால் தாம் கண்ட போர்களிலேயே அதிக ரத்தம் சிந்தியது அதுதான் என்றும் சொல்லியிருக்கிறார். நெப்போலியன் அவரை ‘சிப்பாய் ஜெனரல்’ என்று இளக்காரம் செய்ததாகச் சொல்வார்கள். அது வசையாக எறியப்பட்டிருந்தாலும் விவரப் பிழை ஒன்றும் இல்லை.

நான் குன்னூர்க்காரன். எனக்கு வெலிங்டன் என்பது முதலில் மலை ரயில் நிற்கும் ஒரு ஸ்டேஷன்; மனிதர் பிறகுதான் வந்தார். ஜகதளா என்ற படகர் ஊரை ஒட்டி 1852-ல் படைக் கொட்டடி கட்டத் தொடங்கி, 1860-ல் கவர்னர் டிரெவெலியன் அதற்கு வெலிங்டன் என்று பெயர் வைத்தார். ஜகதளா இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது; படகர்களுக்கு ஊர் எது என்பதில் குழப்பம் ஒன்றும் ஏற்படவில்லை. அந்தக் கொட்டடியில்தான் மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம். என் பெரியப்பா அங்கே நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தொப்பிச் சின்னத்தில் குறுக்கே வைத்த இரண்டு வாள்கள், அதன்மேல் ஒரு கேடயம், கேடயத்தில் ஒரு யானை. பிள்ளைகள் நாங்கள் அது முதுமலை யானை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பெரியப்பா திருத்தினார்: அஸ்ஸாயே யானை. அந்தப் போருக்குப் பிறகு கம்பெனி அரசு அந்தப் பட்டாளங்களுக்கு யானை பொறித்த தனிக் கொடி கொடுத்தது. கம்பெனி போய், ராணி போய், சுதந்திரமும் வந்தபின் யானை மட்டும் தொப்பியில் தங்கிவிட்டது.

ஆக, தளபதிக்கு நட்சத்திரம், பட்டாளத்துக்கு யானை. ஆளுக்கு? 1851-ல்தான் ஒரு வெள்ளிப் பதக்கம் அறிவித்தார்கள், இந்தியப் போர்கள் பலவற்றுக்கும் சேர்த்து. அஸ்ஸாயேக்கு ஒரு தனிப் பட்டி. அன்றைக்கு உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும். போர் நடந்து 48 ஆண்டுகள் கழித்து. இருபது வயதில் ஆற்றைக் கடந்த சிப்பாய் 68 வயது வரை இருந்து, செய்தி எட்டி, மனுவும் போட வேண்டும். நம் ஊர்ப் பென்ஷன் ஆபீஸ்களே தேவலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எங்கள் பக்கம் கொஞ்சம் உறைக்கும். அந்த ‘பாத்’ பட்டத்தின் நட்சத்திரத்தையும் பட்டையையும் வெல்லெஸ்லியிடம் சேர்க்கும் பொறுப்பு மெட்ராஸ் படையின் தலைமைத் தளபதியாக வந்த சர் ஜான் கிராடக்கிடம் இருந்தது. 1805-ல் வெல்லெஸ்லி கப்பலேறுவதற்கு முன் மெட்ராஸில் இருந்தபோது, அவர் தூங்கிக்கொண்டிருக்கையில் கிராடக் அதை அவருடைய அங்கியில் குத்தி வைக்கச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. விழித்து எழுந்து அங்கியைப் பார்த்தால் வீரப்பட்டம். அழகான காட்சி. அதே கிராடக்கின் காலத்தில், அதே ஆண்டு நவம்பரில், மெட்ராஸ் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகையும் மீசை தாடிக்கும் நெற்றிக் குறிக்கும் காதணிக்கும் புதிய விதிகளும் வந்தன. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டை வெடித்தது. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள், பிடிபட்டவர்களில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். மெட்ராஸ் படையின் நெஞ்சுரத்தால் கிடைத்த நட்சத்திரத்தைக் கொண்டு வந்த கையே, மெட்ராஸ் படையின் தலையில் அந்தத் தொப்பியையும் வைத்தது. கிராடக்கைப் பிறகு திருப்பி அழைத்தார்கள். 1809-ல் போர்த்துகலில் தலைமையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர் யார் தெரியுமா? வெல்லெஸ்லிதான். அங்கிருந்து சலமன்கா, சலமன்காவிலிருந்து மட்ரிட், மட்ரிட்டில் கோயா.

இந்த வழியெல்லாம் அந்த ஒரு திட்டு வெள்ளைச் சாயத்துக்குள் இருக்கிறது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். நாங்கள் ஓவியக்கூடம், போர் அருங்காட்சியகம் அல்ல என்பீர்கள். சரி. ஆனால் தொலைக்காட்சி லைசென்ஸ் ஓவியக் கலையில் எந்தப் பிரிவில் வருகிறது? திருட்டைச் சொல்ல இடம் இருக்கிற படத்தின் பக்கத்தில், படத்துக்குள்ளேயே வரைந்திருக்கும் ஒரு பொருளைச் சொல்ல இடம் இல்லாமல் போகாது. கோயா அந்த நட்சத்திரத்தை மேலே வைத்தார். பிற்பாடு படத்தைத் திருத்தியபோதும் அதை அழிக்கவில்லை. படத்தில் உள்ளதைப் படிக்கத் தெரிவதுதானே உங்கள் தொழில்.

எல்லாவற்றையும் தமிழனிடம் கொண்டு வந்து முடிக்கிறானே என்றும் யாராவது சொல்லலாம். நான் அப்படி முடிக்கவில்லை. அந்தப் பட்டாளங்களில் தெலுங்கர்கள் இருந்தார்கள், தக்கினி முஸ்லிம்கள் இருந்தார்கள். எந்த ஆள் எந்த ஊர் என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. அவர்களை மாவீரர்களாகத் தூக்கி நிறுத்தவும் நான் வரவில்லை. கம்பெனியின் சம்பளத்துக்கு இன்னொரு இந்தியப் படையோடு மோதியவர்கள் அவர்கள். பீரங்கியை விட்டு ஓடாமல் செத்த மராத்தியக் கோலந்தாஜ்கள்மீது எனக்கு அதைவிட அதிகப் பரிவு. அஸ்ஸாயேயில் உறுதியாக நின்ற அதே மெட்ராஸ் ஆட்கள் இரண்டு மாதம் கழித்து ஆர்காவ்ன் களத்தில் பீரங்கிச் சத்தத்துக்கு மிரண்டு திரும்பி ஓடினார்கள். வெல்லெஸ்லி தாமே போய் அணிவகுத்து அழைத்து வந்தார். மனிதர்கள்தானே. எனக்கு வேண்டியது புகழ்மாலை அல்ல, விவரம்.

மன்னிப்பும் கேட்கவில்லை, படத்தையும் கேட்கவில்லை. மட்ரிட்டில் வரைந்து, முறையாகக் காசு கொடுத்து வாங்கிய பலகை; அது உங்கள் சுவரில் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. தமிழில் ஓர் அட்டை வையுங்கள் என்றும் கேட்கவில்லை. ஆங்கிலத்திலேயே இருக்கட்டும்; அந்த வரியைப் படிக்க வேண்டியவர்களில் பலர் ஆங்கிலேயர்கள். வெலிங்டன் என்றால் ரப்பர் பூட்ஸ் என்று மட்டும் தெரிந்து வளரும் பிள்ளைகள் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். எங்கள் ஊரிலும், வெலிங்டனில் இறங்கி வெலிங்டன் யாரென்று கேட்காமல் ஊட்டிக்குப் போகிறவர்கள்தான் அதிகம், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வேலையைச் சுலபமாக்க வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். உங்கள் ஆட்கள் செப்பனிட்டுக்கொள்ளட்டும்:

‘மார்பில் மேலே உள்ளது ‘பாத்’ பட்டத்தின் நட்சத்திரம். இந்தியாவில் ஆற்றிய படைப்பணிக்காக 1804-ல் அளிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அஸ்ஸாயேயில் அவர் வென்ற படையில் பெரும்பகுதியினர் மெட்ராஸ் படையின் இந்தியச் சிப்பாய்கள். அவர்களில் உயிரோடு எஞ்சியவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது 1851-ல்.’

ஒரு வரி என்று தொடங்கி நான்கு வாக்கியம் ஆகிவிட்டது. கடைசியை வெட்டச் சொன்னால் சண்டை போடுவேன். முதல் இரண்டையும் வேண்டுமானால் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இடம் போதாது என்றால் திருட்டுக் கதையில் படச்சட்டத்தைப் பற்றிய பகுதியைச் சுருக்கலாம், அது எப்படியும் கிடைக்கப் போவதில்லை. படம் வேறு ஊருக்கு இரவலாகப் போகும்போது அட்டையும் கூடவே போக வேண்டும். போகிற இடத்தில் புதிதாக எழுதிக்கொள்வார்கள் என்று விட்டால் மறுபடி பஸ் டிரைவரில் தொடங்குவார்கள்.

செப்டம்பர் 23-க்குள் மாட்டிவிட்டால் நல்லது. வேலை அதிகம் என்றால் அக்டோபரிலும் சரி.

இப்படிக்கு,
குன்னூரில் பிறந்து, லண்டனில் வரி கட்டும் ஒரு பார்வையாளன்